துடிப்பும் நேரமும்: மெய்நிகர் கணினித் தடப்பதிவில் பொதுக் காலம்

சென்னிமலையில் கைக்கடிகாரம் பகல் 12 காட்டும்போது சூரியன் உச்சிக்கு வர, ஆண்டுச் சராசரியில், இன்னும் ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கும். ஊர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 77.6 பாகைக்கு அருகில். நம் கடிகாரம் ஓடுவதோ 82.5 பாகையின் கணக்கில். பாகைக்கு 4 நிமிடம். இந்த வேறுபாட்டைப் பிழையென்று யாரும் சொல்வதில்லை. மெய்நிகர் கணினியின் ஓட்டத்தைக் கெர்னலுக்குள் தடம் பிடிப்பவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது: எந்தக் கடிகாரத்தை நம்புவது?

ஊர்த் தறியிலிருந்தே தொடங்கலாம். நாடா ஆயிரம் முறை ஓடியது என்றால், ஊடையின் நெருக்கம் தெரிந்தவர் எவ்வளவு துணி ஆயிற்று என்று சொல்லிவிடுவார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. கைத்தறிக்கு ஒரு வேகம், விசைத்தறிக்கு ஒரு வேகம். கைத்தறியிலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. செயலியின் துடிப்பெண்ணியும் நாடா ஓட்டம் போன்றதே. இன்டெல் 1993-இல் பென்டியத்தோடு கொண்டுவந்த டிஎஸ்சி எண்ணி, தொடக்கத் தலைமுறைகளில் செயலியின் அதிர்வெண் மாறினால் தானும் வேகம் மாறியது. சீரான வேகம் பின்னாளில்தான் வந்தது.

மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் என்ற கூறு லினக்ஸ் கெர்னலில் 2007-இல் 2.6.20 பதிப்புடன் சேர்ந்தபோது எக்ஸ்86 என்ற செயலிக் கட்டமைப்பு ஒன்றே அதன் வீடு. 2008-இல் வந்த 2.6.26 அதை பவர்பிசி, எஸ்390, ஐடேனியம் ஆகியவற்றுக்கும் கொண்டு சென்றது. கேவிஎம்டிரேஸ் என்ற தடப்பதிவு வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. ஒவ்வொரு நிகழ்வின் மீதும் அது குத்திய நேர முத்திரை, 'கெட்-சைக்கிள்ஸ்' என்ற செயற்கூறு தந்த துடிப்பெண். பல கட்டமைப்புகளுக்குப் போனதும் அந்த முத்திரை பொருளிழந்தது. எஸ்390-இல் அந்த எண் செயலித் துடிப்பே அல்ல, நாட்கடிகாரத்தின் கூறு. 32 பிட் பவர்பிசியில் எண்ணியின் கீழ்ப்பாதி மட்டுமே கிடைக்கும். வினாடிக்கு 50 கோடித் துடிப்பு என்றால் 9 வினாடிக்குள் அது சுழியத்துக்குத் திரும்பிவிடும். தனக்கென எண்ணி வகுக்காத கட்டமைப்புகளுக்கான பொதுக் கோப்பிலோ விடை எப்போதும் சுழியம்தான்!

அதே ஆண்டில் 'கேடைம்-கெட்' என்ற செயற்கூறு கெட்-சைக்கிள்ஸின் இடத்தைப் பிடித்தது. முத்திரை நானோ வினாடி ஆயிற்று. வேகம் மாறுபட்ட இரு கணினிகளின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கேவிஎம்டிரேஸ் அடுத்த ஆண்டே பொதுவான டிரேஸ்பாயின்ட் ஏற்பாட்டுக்கு வழிவிட்டது. எனினும் அந்த மாற்றத்தின் தருக்கம் இன்றும் பாடமாகவே சொல்லப்படுகிறது. அதில் பாதியைத்தான் ஏற்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மதராஸ் நேரம் இதை விளக்க உதவும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணித்த அந்த நேரம், தந்திக் கம்பி வழியே நாடெங்கும் ரயில் நேரமாயிற்று. பம்பாய் நேரத்துக்கு அது 30 நிமிடம் முந்தியது. சென்னிமலைச் சூரியனுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. நிமிடம் என்ற அலகு எல்லா ஊருக்கும் முன்பே பொதுதான். வண்டிகளுக்குத் தேவைப்பட்டது பொதுவான தொடக்கப் புள்ளி.

கேடைம்-கெட் தருவது அலகை மட்டுமே. அதன் சுழியம் அந்தந்தக் கணினி இயங்கத் தொடங்கிய கணத்தோடு கட்டுண்டது. ஆகவே மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் இரண்டு புரவலர் கணினிகளின் கால அளவுகளை ஒப்பிடலாம். எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. புரவலருக்கும் அதன் மேல் ஓடும் மெய்நிகர் கணினியான விருந்தினருக்கும் இடையிலும் இதே சிக்கல்தான். விருந்தினர் ஒரு நிகழ்வைக் குறித்த கணமும், அதனால் கட்டுப்பாடு புரவலரிடம் திரும்பிய கணமும் தனித்தனிச் சுழியத்திலிருந்து எண்ணப்படுகின்றன.

செலவும் உண்டு. கேடைம்-கெட் படிக்கும் கடிகார மூலம் டிஎஸ்சி என்றால் கவலையில்லை. எச்பிஇடி போன்ற வெளிச் சில்லு என்றால் ஒரு வாசிப்பே மைக்ரோ வினாடி அளவை எட்டலாம். விருந்தினரிடமிருந்து ஒருமுறை வெளியேறித் திரும்புவதே அந்த அளவுதான். அளக்கும் கோல் அளக்கப்படும் பொருளின் நீளத்துக்கு வந்துவிடுகிறது. தடுக்க இயலாத குறுக்கீட்டுக்குள் கேடைம்-கெட்டை அழைத்தால் கணினி அப்படியே நின்றுவிடும் ஆபத்தும் இருந்தது. அதற்கெனத் தனியான விரைவு வடிவம் 2014-இல்தான் கெர்னலில் சேர்ந்தது.

துடிப்பெண்ணை முற்றாகக் கைவிட்டதும் சரியல்ல என்பது இதனால் புலப்படும். இன்றைய எக்ஸ்86 கேவிஎம்மில் விருந்தினர் காணும் எண், புரவலரின் எண்ணை ஒரு விகிதத்தால் பெருக்கி ஒரு விலக்கத்தைக் கூட்டியதாகும். இவ்விரண்டையும் மெய்நிகர் செயலி ஒவ்வொன்றுக்கும் கெர்னலே வெளிக்காட்டுகிறது. டிரேஸ்-சிஎம்டி என்ற கருவி அவற்றைக் கொண்டு இரு பதிவுகளையும் ஒரே கோட்டில் பொருத்துகிறது. விருந்தினரை ஓட்டத்தின் நடுவே வேறு புரவலருக்கு மாற்றினால் இரண்டு எண்களும் மாறக்கூடும். அப்போது புதியவற்றையும் மாறிய கணத்தையும் குறித்தாக வேண்டும்.

ஒரே கணினிக்குள் கால அளவு மட்டும் போதுமென்றால் நானோ வினாடியே தகும். புரவலரையும் விருந்தினரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், விகிதமும் விலக்கமும் அதே கோப்பில் உடன் சென்ற துடிப்பெண்ணே மேல். அவ்விரண்டும் இல்லாத துடிப்புப் பதிவு வேறு கணினிக்குப் போனால் எதற்கும் பயன்படாது.