பர்ரனின் பூக்களும் மேட்டிலிருந்து இறங்கிய மாடுகளும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டிப் பரந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறைவெளிக்குப் பர்ரன் என்று பெயர். ஐரிஷ் மொழியில் பாறை நிலம் என்பதே அதன் பொருள். மே மாதத்தில் இங்கே வழிகாட்டியுடன் மலர் காணும் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. அடர்நீல ஜென்ஷியனையும் வெண்ணிற டிரையாஸையும் ஆர்க்கிட் வகைகளையும் காண வருவோர் பெரும்பாலும் ஒரு பழங்கூற்றைக் கேட்காமல் திரும்புவதில்லை. 1651-இல் கிராம்வெல் படையின் தளபதி எட்மண்ட் லட்லோ இவ்வழியே சென்றார். ஒருவனைக் கொல்லவும் புதைக்கவும் வேண்டிய நீரும் மரமும் மண்ணும்கூட இல்லாத நாடு என்று இதைப்பற்றி வழங்கிய பேச்சைத் தம் நினைவுக்குறிப்பில் பதிந்தார்.

மேற்கோள் காட்டுவோர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். லட்லோ நிறுத்தவில்லை. மண் அரிதாகையால் மக்கள் அதை ஒருவரிடமிருந்து ஒருவர் திருடுகிறார்கள் என்றும், ஆயினும் அவர்களுடைய மாடுகள் நன்கு கொழுத்திருக்கின்றன என்றும், பாறைகளுக்கிடையே சிறுசிறு திட்டுகளில் முளைக்கும் புல் அத்தனை சத்துள்ளது என்றும் தொடர்கிறார். வெறுமையைச் சொல்லும் பாதி புகழ்பெற்றது. மாட்டைச் சொல்லும் பாதி உதிர்ந்துபோயிற்று. பர்ரனின் இயற்கை வரலாறு நெடுங்காலம் எழுதப்பட்ட முறைக்கு இந்த வெட்டே போதிய சான்று என்பேன்.

மூலபாட ஆய்வில் ஈடுபாடுள்ள மாணவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. லட்லோவின் நூல் அவர் இறந்தபின், 1698-இல், அச்சேறியது. பதிப்பித்தவரின் கை அதில் பெரிதும் புகுந்துள்ளது. 1970-இல் வெளிப்பட்ட கையெழுத்துப்படி 1660-க்குப் பிற்பட்ட பகுதியை மட்டுமே கொண்டிருப்பதால் பர்ரன் பத்தியை ஒப்புநோக்க வழியில்லை. எனினும், கொழுத்த மாட்டைப் பற்றிப் பொய் புனைய எந்தப் பதிப்பாசிரியருக்கும் அரசியல் தேவை இருந்திருக்காது.

பல மலைநாடுகளில் மந்தைகள் கோடையில் மேலேறும், குளிரில் கீழிறங்கும். பர்ரனில் இது தலைகீழ். அக்டோபர் இறுதியில் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று வசந்தம் வந்ததும் இறக்குகிறார்கள். கோடை வெப்பத்தை உள்வாங்கிக் குளிரில் மெல்ல வெளியிடுகிறது பாறை. மழைநீர் விரிசல்களில் வடிந்துவிடுவதால் காலடியில் சேறு தங்குவதில்லை. அதே வடிகால்தான் கோடையில் மேட்டைக் குடிநீரற்றதாக ஆக்கி, மந்தையைக் கீழே அனுப்பிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் மாடுகள் முரட்டுப் புல்லைத் தின்று தீர்க்கின்றன. புதர்களின் பரவலைக் கடித்தும் மிதித்தும் மட்டுப்படுத்துகின்றன. அவை இறங்கிச் சென்றபின், வெயில் தடையின்றி விழும் அந்தக் குட்டைப்புல் தரையில் ஜென்ஷியன் மலர்கிறது. ஆகவே மே மாதத்துப் பயணி காண்பது, வேலை முடித்துவிட்டு மாடுகள் வெளியேறிய நிலத்தை. அவற்றைக் காணாததனாலேயே அவர் அதைக் கைபடாத இயற்கை என்று எண்ணிக்கொள்கிறார்.

தாவரவியலாளர் பலரும் இதே பருவக் கணக்கில்தான் வந்துபோயினர். மேற்கு அயர்லாந்தின் ஜென்ஷியன், ரிச்சர்ட் ஹீட்டன் என்ற பாதிரியாரின் குறிப்பைக் கொண்டு 1650-இலேயே வில்லியம் ஹௌவின் தாவரப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. 1949-இல் பன்னாட்டுத் தாவரவியலாளர் குழுவொன்று அயர்லாந்தைச் சுற்றிவந்தது. அதன் பயனாகப் பிரௌன்-பிளாங்கேயும் டியூக்ஸனும் 1952-இல் வெளியிட்ட ஆய்வு, பர்ரனின் புல்வெளியைத் தனியொரு தாவரக் கூட்டமாக வகைப்படுத்தியது. வடதுருவப் பகுதிக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் உரிய செடிகள் மத்தியதரைக் கடல் ஆர்க்கிட்டுக்கு அருகே, கடல்மட்டத்தில், எப்படி வளர்கின்றன என்ற வினாவே அறிஞர்களை ஈர்த்தது. விடையைப் பனிக்காலத்திலும் தட்பவெப்பத்திலும் தேடினார்கள். தேடியது தவறன்று, ஆனால் செடி எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒரு வினா, எப்படி நிலைத்திருக்கிறது என்பது வேறொரு வினா. ஏரிப் படிவுகளின் மகரந்தம் இங்கே ஒருகாலத்தில் பைனும் ஹேசலும் அடர்ந்திருந்ததைக் காட்டுகிறது. பௌல்னப்ரோன் கல்திட்டையின் அடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளோ ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட வேளாண்குடிகளுடையவை. காடு திருத்தி மந்தை மேய்த்தவர்கள் இல்லையேல் இந்தத் திறந்தவெளியே இருந்திராது.

இரண்டாம் வினாவைப் புறக்கணித்ததன் விலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெரிந்தது. ஐரோப்பிய வேளாண் கொள்கை உற்பத்தியைப் பெருக்கச் சொன்னது. மாடுகள் கொட்டகைக்குள் ஊறுகாய்ப்புல் தின்னத் தொடங்கின. மேடு மேய்ப்பாரின்றிக் கிடந்தது. ஹேசல் புதர் பரவியது. மேய்ச்சலே இந்நிலத்தின் காவல் என்பதைப் பிரெண்டன் டன்ஃபோர்டின் ஆய்வு வலியுறுத்தியது. 2005-இல் தொடங்கிய பர்ரன்லைஃப் திட்டம் அந்த வழியில் உழவர்களோடு சேர்ந்து நடந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த திட்டத்தில் ஒவ்வொரு புல்வெளிக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு, அதற்கேற்ப உழவருக்குப் பணம் தரப்பட்டது. விதிகளைப் பின்பற்றியதற்காக அன்று, நிலத்தின் நிலைக்காகக் கூலி. காப்புக் கொள்கை பயிலும் மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இது.

சுற்றுலாவும் இங்கே எளிதாக வந்து அமர்ந்துவிடவில்லை. முல்லாக்மோர் குன்றின் அடிவாரத்தில் பார்வையாளர் மையம் கட்ட அரசு முனைந்தபோது உள்ளூரே இரண்டுபட்டது. வேலைவாய்ப்பை எதிர்பார்த்தவர்கள் ஒருபுறம், நிலத்தின் அமைதிக்காகப் போராடியவர்கள் மறுபுறம். முறையான அனுமதியின்றி அரசு கட்ட இயலாதென்று 1993-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மையம் எழவேயில்லை.

நம் நாட்டில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. 1982-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி ஆட்டு மந்தைகள் விலக்கப்பட்டன. பின்னர்ப் பாலிகோனம் என்னும் உயர்ந்த செடி பரவியது. மேய்ச்சல் தடைதான் காரணமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமயத்தின் நிலைமை பர்ரனுடையது அன்று என்பதையும் மறக்கலாகாது. ஆனால் அங்கே மந்தையோடு சென்ற இடையர்களின் அறிவைத் தடைக்கு முன்பே கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பர்ரனில் இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் மந்தையை மேட்டுக்கு ஓட்டிச் செல்லும் நாளை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். வெளியூர்ப் பயணிகளும் உழவர்களோடும் மாடுகளோடும் குன்றேறி நடக்கிறார்கள். ஜென்ஷியன் பூக்க அப்போது இன்னும் ஆறு மாதம் இருக்கும்.