வேலியோரச் செங்காந்தளும் அப்பாவின் கட்டைவிரலும்

ராத்திரி 2 மணி. அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறினார். யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாய்ப் படிகிற கவுட். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வச்சுக் கொடுத்தோம். ருசியா இருந்துச்சு, அவ்ளோதான்.

டாக்டர் எழுதினது கோல்ச்சிசின். 1820ல் பிரான்சில் பெல்த்தியேவும் காவந்துவும் கோல்ச்சிகம் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. அதே சரக்கு நம்ம கண்வலிக்கிழங்கிலும் இருக்குங்க! காவிரிக்கு அக்கரையில், கரூர்ப் பக்கம், விதைக்காகவே பயிரிடறாங்க.

இதைக் கேட்ட பெரியப்பா, "அப்ப வேலியில இருக்கறதையே அரைச்சுக் குடிக்கலாமே"ன்னு மண்வெட்டியோட கிளம்பிட்டார். ஓடிப்போய்த் தடுத்தேன். மாத்திரையில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம்; கிழங்கில் எவ்வளவுன்னு யார் அளந்தது? அதைத் தின்னு செத்தவங்க உண்டு.

அப்பா இப்ப தண்ணி நிறைய குடிக்கிறார். குடல்கறிக்குத்தான் அம்மாவோட இன்னும் சண்டை...