"கண்ணுக்குள்ளயே ஊசியா தம்பி?"



பெரியபட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிற ஒருவர் எங்கள் ஓபிக்கு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல்.

"காலைல எந்திரிச்சேன் தம்பி, இடது கண்ணு பனி மூட்டம் போட்ட மாதிரி இருந்துச்சு. வலி இல்ல. அதான் தானா சரியாயிரும்னு விட்டுட்டேன்."

விட்டது மூன்று வாரம். பிரஷர் 180/110. மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம்.

மதுரைக்கு அனுப்பினேன். விழித்திரைச் சிரையில் அடைப்பு, ஊசி போடணும் என்றார்கள். மனிதர் பயந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். என்னிடம் வந்து கேட்டதுதான் தலைப்பில் இருக்கும் கேள்வி.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

விழித்திரைக்கு வந்த ரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்வது சிரை. வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குமே, அதேதான் இங்கும். ரத்தமும் நீரும் கசிந்து பார்வையின் மையப்பகுதி வீங்கிவிடும்.

ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1948இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். அது என்ன பொருள் என்று அப்போது தெரியாது.

விடை புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. புற்றுக்கட்டி வளரப் புது ரத்தநாளம் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். ரத்தநாளத்தை வளரவும் கசியவும் வைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை 1989இல் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். 1994இல் அதே புரதம் விழித்திரை நோயாளிகளின் கண்நீர்மத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆனால் மருந்து இல்லை. மையச்சிரை அடைப்பில் லேசர் வீக்கத்தைக் குறைத்தாலும் பார்வையைக் கூட்டவில்லை என்று 1995இல் ஒரு பெரிய ஆய்வு சொல்லிவிட்டது. அன்றைக்கு இவர் வந்திருந்தால் போன பார்வையை மீட்க எங்களிடம் பெரிதாக எதுவும் இருந்திருக்காது.

2004இல் விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் (அவாஸ்டின்) குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்த வருடமே மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதில் ஒரு துளியைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் முதலில் வெளியிட்டவற்றில் ஒன்று இதே மையச்சிரை அடைப்பு நோயாளியைப் பற்றியது. வீக்கம் வடிந்திருந்தது!

2006இல் கண்ணுக்கென்றே ரானிபிசுமாப் வந்தது. அப்போது அமெரிக்காவில் ஒரு டோஸ் சுமார் 2000 டாலராக இருந்தது. அவாஸ்டினைச் சிறு அளவாகப் பிரித்துப் போட்டால் சுமார் 50 டாலர் ஆனது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அவாஸ்டினைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகச் சேர்த்தது. 2015இல் இந்தியாவிலேயே தயாரான ரானிபிசுமாப் சந்தைக்கு வந்தது.

சிரை அடைப்பில் 6 மாத முடிவில் அவாஸ்டின், விலை கூடிய அஃப்ளிபர்செப்டுக்குக் குறைந்ததல்ல என்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2019இல் வந்த பிரிட்டன் ஆய்வு அவ்வளவு உறுதி தரவில்லை. ஆகவே யாருக்கு எது என்பதை விழித்திரை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

சரி, வலிக்குமா? மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, வெள்ளைவிழி வழியாகப் போடுவார்கள். அளவு 0.05 மில்லி. சில நொடிகளில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தபிறகு வலி, சிவப்பு, பார்வை மங்கல் கூடினால் அன்றே போய்க் காட்ட வேண்டும். அரிதாகக் கிருமித்தொற்று வரலாம்.

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். இந்த ஊசி அடைப்பை எடுக்காது, கசிவை மட்டும் நிறுத்தும். மருந்தின் வேலை சில வாரங்களில் குறையும், அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும். ஒரு ஊசியில் தெளிவாகிவிட்டதென்று நின்றுவிட்டால் வீக்கம் திரும்பலாம். நாள் கடந்தால் இழந்ததை முழுதாக மீட்க முடியாது.

அவர் போனார். மூன்று ஊசி ஆகிவிட்டது. "வலை கண்ணி தெரியுது தம்பி, பொடி எழுத்துதான் இன்னும் பிடிபடல" என்கிறார். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் பொடி எழுத்தும் தெரிந்திருக்குமோ என்று எனக்கு ஓடுகிறது.

ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால், வலி இல்லாவிட்டாலும் அன்றே வாருங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் மாத்திரை இலவசம். அதை நிறுத்தாதீர்கள். அடுத்த கண்ணைக் காக்கும் மருந்து அதுதான்.