மண்டபத்தில் பார்த்த உடம்பு

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ராமநாதபுரம் மண்டபம் முகாமில் கப்பலுக்குக் காத்திருந்த பெண்ணின் உடம்பை இலங்கை அரசு நுணுக்கமாகச் சோதித்தது. அம்மை குத்தியது. காலரா வெளிப்படுகிறதா என்று நாட்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தது. அவள் கொண்டுபோகும் நோயிலிருந்து தீவைக் காக்கத்தான் இவ்வளவும். தேயிலைத் தோட்டத்துக்குப் போனபின் அவளுக்கு வரும் நோயில் யாருக்கும் இந்த அக்கறை இல்லை.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். அது தமிழ்க் கூலிகள் கொண்டுவந்த நோய் என்றே பேசப்பட்டது. மலம் கலந்த ஈரமண்ணும் செருப்பில்லாத காலும் இருந்தால் அந்தப் புழுவுக்குப் போதும். லயங்களில் கக்கூஸ் கட்டாமல் விட்டவர்கள் துரைமார். (செருப்பை மறுத்தது கூலி மட்டுமல்ல, அவர்களில் பலருக்கு ஊரிலேயே சாதி மறுத்திருந்தது.) குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் புழு, கொழுந்துக் கூடையோடு மலையேறும் கர்ப்பிணியை என்ன செய்திருக்கும்? சோகை பிடித்த உடம்புக்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலே உயிர் தங்காது. 1916 வாக்கில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மருந்து கொடுக்கத் தோட்டங்கள் இசைந்தன. கக்கூஸ் கட்டத்தான் தயங்கின. மருந்து மலிவு.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் அந்நியராக்கியது. தாய்சேய் நலத்தில் ஏழை நாடுகளுக்கு முன்மாதிரி என்று இலங்கை பெயரெடுத்தது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். கிராமத்துப் பெண்ணின் வீட்டுக்கு அரசு மருத்துவிச்சி வந்தாள். அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. லயத்துப் பெண்ணின் பிரசவமோ பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1973–74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது கிராமத்தாரில் பலருக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்தாருக்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை. தோட்டங்களில் சாவு விகிதம் மற்ற இடங்களைவிடக் கடுமையாக ஏறியது. வீட்டில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபின் மிஞ்சியதைத் தின்றவள் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் தேட வேண்டியதில்லை. அவளுக்கு ஆணுக்குச் சமமான நாள்கூலி கிடைக்கவே 1984 ஆயிற்று.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. 13 ஆண்டுகள் கழித்து, 2016இல் எடுத்த கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதும் 17 விழுக்காடு. தோட்டங்களில் 32.