கைமுக்கும் மனச்சான்றும்: சுசீந்திரம் வழியே ஓர் அறவியல் விசாரணை

கடவுள் நம்பிக்கை தளர்ந்தால் ஒழுக்கமும் சரியும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் வரலாற்றைப் படிப்பவர்க்கு அந்த அச்சம் நிலைக்காது என்பது என் துணிபு.

அகலிகையிடம் பிழை செய்த இந்திரன் தூய்மை பெற்ற தலம் இது என்கிறது தலபுராணம். இங்கே 'கைமுக்கு' என்றொரு சோதனை நடந்துவந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி அந்தணர், கொதிக்கும் நெய்யில் கையை விடவேண்டும். கையைக் கட்டிவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையேல் குற்றமற்றவர். தெய்வத்தையே நடுவராக அமர்த்திய ஏற்பாடு இது. 19ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் அது ஒழிக்கப்பட்டது. தெய்வ சோதனைகளுக்குத் தர்மசாத்திரங்களில் இடமுண்டு. ஆகவே அதைக் கொடுமை என்று கண்ட மனம் தன் அளவுகோலை அந்தச் சாத்திரங்களிலிருந்து பெற்றிருக்க முடியாது. மதம் வகுத்த முறையை மதத்துக்கு வெளியே நின்ற ஏதோ ஒன்று எடைபோட்டிருக்கிறது.

அது எது? சார்லஸ் டார்வின் 1871இல் மனிதனின் மரபுவழி பற்றி எழுதிய நூலில் ஒரு விடை உண்டு. கூடிவாழும் உணர்ச்சியும் பெற்ற பிள்ளையிடம் பாசமும் உள்ள எந்த உயிரும், அறிவு போதிய அளவு வளர்ந்தால், மனச்சான்றையும் அடைந்தே தீரும் என்றார் அவர். பரிவு, நன்றி, நாணம் ஆகியவை வேதங்களுக்கு மிக முந்தியவை.

ஆனால் பரிணாமத்தை மட்டும் அறத்தின் அடித்தளமாக்க நான் உடன்படேன். தன் கூட்டத்தாரிடம் காட்டும் பரிவும் அயலாரிடம் காட்டும் வெறுப்பும் ஒரே வேரில் கிளைத்தவை. 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று எம். இ. நாயுடு முதலியோர் சத்தியாக்கிரகம் செய்தபோது, வழிமறித்தவர்களும் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்கள் அன்பு சாதி எல்லையில் நின்றுவிட்டது. இயற்கைப் பரிவு நின்றுவிடும் அந்த எல்லையைத் தாண்டச் செய்வது, பாதிக்கப்பட்டவரின் முன் நின்று காரணம் சொல்ல வேண்டிய கடமை. 'என்னை ஏன் தடுக்கிறாய்?' என்று கேட்பவனுக்கு, அவனும் ஏற்கத்தக்க பதில் வேண்டும். 'தெய்வக் கட்டளை' என்பது பதிலாகாது. 'இயற்கை அப்படி' என்பதும் ஆகாது. அந்தக் கேள்வி கடைசியில் வென்றது: எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வந்தது.

கடவுள் நம்பிக்கை இல்லாமலும் அறத்தோடு வாழலாம் என்பதற்கு, பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ப. ஜீவானந்தம் (ஜீவா) இந்த மண்ணிலேயே நமக்குக் கிடைத்த கண்கூடான சான்று. 'நான் ஏன் நாத்திகன்' என்ற பகத்சிங்கின் கட்டுரையை 1930களில் தமிழாக்கி, அதற்காகச் சிறை சென்றார். மறுமையில் பரிசை எதிர்பாராமல் உயிரைக் கொடுக்க முடியும் என்பதே அக்கட்டுரையின் உயிர்நாடி. ஜீவாவின் எளிமையும் நேர்மையும் அவரை எதிர்த்தவர்களும் ஒப்புக்கொண்டவை. அவருக்கு நரக பயம் தேவைப்படவில்லை.

இதனால் நாத்திகனே நல்லவன் என்று ஆகிவிடாது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஒடுக்கப்பட்டோரை நிமிரச் செய்தது இறைநம்பிக்கையின் மொழியில்தான். அவரையும் ஜீவாவையும் நாம் ஒருசேர மதிக்கிறோம் என்றால், நம் மதிப்பீடு இருவரின் இறைக்கொள்கையையும் சார்ந்திருக்கவில்லை. நீதிபோதனை வகுப்பை மதக்கதைகளிடம் ஒப்படைத்துவிடும் பள்ளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுசீந்திரம் தெருவில் தடுத்தவர் என்ன காரணம் சொன்னார், தடுக்கப்பட்டவர் என்ன கேட்டார் என்பதை மாணவர்களே வாதிடட்டும். அறப்பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.