தோலை உரித்தவர் பெயர் எங்கே?

ஊரில் செத்த மாட்டைத் தூக்கிப்போய்த் தோலை உரித்தால் அது தீட்டு. உரித்தவர் சேரிக்குள்ளேயே இருக்க வேண்டும். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஒரு விலங்கின் தோலை உரித்தால் அது விஞ்ஞானம். கத்தி ஒன்றுதான், தோழர்களே.

வேலையிலும் பெரிய தூரமில்லை. செருப்புக்கும் பறைக்கும் தோல் எடுப்பவர் மயிரை நீக்க வேண்டும்; அதற்குச் சுண்ணாம்பு. செருப்புத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைப்பதும் உண்டு. உயிரினத்தைப் பாடம் செய்பவரோ ஒரு மயிர், ஓர் இறகு உதிராமல் தோலைக் கழற்ற வேண்டும். ஒட்டிய சதையையும் கொழுப்பையும் சுரண்டி, பூச்சி அரிக்காமல் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசி, பஞ்சும் கம்பியும் வைத்து உருக்கொடுக்க வேண்டும். ஆர்சனிக் நஞ்சு. அது முதலில் ஏறியது யாருடைய விரல்களில் என்று கேட்காமல் இந்த வரலாற்றைப் படிக்க முடியாது.

சார்லஸ் டார்வினுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கறுப்பின மனிதர். தென்னமெரிக்காவின் டெமராராவில் அடிமையாக இருந்து விடுதலையான ஜான் எட்மன்ஸ்டன். 1826இல் எடின்பரோவில் மாணவன் டார்வின் அவருக்குக் கட்டணம் கொடுத்துப் பயின்றார். பின்னாளில் கலாபகஸ் தீவுகளில் பறவைகளைப் பாடம் செய்ய அந்தப் பயிற்சி உதவியது. தன்வரலாற்றில் அவரை இனிமையானவர், அறிவாளி என்று பாராட்டுகிறார் டார்வின். பெயரை மட்டும் எழுதவில்லை!

சென்னையிலோ இன்னொரு கூத்து. 1885இல் அருங்காட்சியகப் பொறுப்பாளரான எட்கர் தர்ஸ்டன், பறையர் உள்ளிட்ட பல சாதியாரின் தலையையும் மூக்கையும் அளந்து பட்டியலிட்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் நூல் வந்தது. மாதிரியைத் தயாரிக்கும் கை நம்முடையது என்றால், மாதிரியும் நாமே.

குன்றக்குடி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில்தான் 1930இல் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டோர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. தோலைப் பதப்படுத்தியவர்களின் கால்களுக்கே செருப்பு மறுக்கப்பட்டது.

குன்றக்குடி, காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வேலை: தோல் வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். கருவிகளின் பெயர், பட்டையின் அளவு, ஊறவைத்த நாட்கள், கூலியாகக் கிடைத்தது என எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் சேர்த்து.