நெய்வேலிச் சுரங்கமும் நிலத்தடி நீரும்: எங்கே, எப்போது, எப்படி அளப்பது?

1. களமும் கேள்வியும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கான பொதுத்துறை நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. 1961இல் முதல் சுரங்கத்தில் கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சுரங்கங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பெரிதும் கைகொடுப்பது ஆழ்துளைக் கிணறுதான். அந்த நீரின் தரத்தை எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எந்த முறையில் அளந்தால் உண்மை நிலை தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கத்திலுள்ள கால அட்டவணை இந்த மண்ணின் மழைக்குப் பொருந்தவில்லை என்பது என் துணிபு.

2. கரிக்கு மேலும் நீர், கீழும் நீர்

கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் குறிப்பிடும் அடுக்குகளில், கரிப்படலத்துக்கு மேலேயும் நீர்தாங்கிகள் உண்டு, கீழேயும் உண்டு. கீழுள்ள ஆர்ட்டீசியன் நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டுகிறது. இந்த அழுத்தத்தைத் தணிக்காமல் மேல்மண்ணை அகற்றினால், சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றிலும் பெரிய மோட்டார்கள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன.

இந்த இறைப்பு, கண்காணிப்பின் அடிப்படையையே மாற்றிவிடுகிறது. இயல்பாகக் கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் நிலத்தடி நீர், சுரங்கத்துக்கு அருகில் சுரங்கத்தை நோக்கித் திரும்புகிறது. மேற்கே ஒரு கிணறு, கிழக்கே ஒரு கிணறு என்று வைத்து இரண்டையும் ஒப்பிடுவது இங்கே போதாது. முதலில் நீர்மட்ட வரைபடம் வேண்டும். அது காட்டும் ஓட்டத்தின்படி கிணறுகளுக்கு இடம் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நீர்தாங்கிக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் குழாய், அதாவது பீசோமீட்டர், இருப்பதும் அவசியம். ஊரின் ஆழ்துளைக் கிணறுகளில் பல அடுக்குகளின் நீர் ஒரே குழாயில் கலந்து வருவதுண்டு. அத்தகைய நீரைச் சோதித்தால் மக்கள் குடிப்பது என்ன என்று தெரியும். மாசு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாது. இரண்டும் தெரிய வேண்டியவையே. ஆகவே இரண்டு வகைக் கிணறுகளும் பட்டியலில் இருக்க வேண்டும்.

3. மாசு வரும் வழிகள்

கரியிலும் அதன் மேல்மண்ணிலும் இரும்புச் சல்பைடு கனிமங்கள் இருக்கக்கூடும். புதைந்து கிடக்கும்வரை அவற்றால் தொல்லையில்லை. வெட்டிக் குவித்த மண்மேட்டில் காற்றும் மழையும் படும்போது, அவற்றிலிருந்து அமிலமும் இரும்பும் சல்பேட்டும் பிறக்கின்றன. அமிலத்தை மண்ணிலுள்ள சுண்ணாம்பு தணித்துவிடலாம். இரும்பு வழியிலேயே படிந்துவிடலாம். சல்பேட்தான் பெரும்பாலும் நீரோடு கூடவே நகரும். கார அமில அளவு இயல்பாக இருக்கிறது என்பதால் மட்டும் நீர் பழுதில்லை என்று சொல்லிவிட முடியாது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என வரம்பிடுகிறது. மாற்று நீராதாரம் இல்லாதபோது 400 வரை ஏற்கிறது. ஒரு கிணற்றில் 20 ஆக இருந்த சல்பேட் சில ஆண்டுகளில் 120 ஆனால், அறிக்கையில் 'வரம்புக்குள்' என்றே பதிவாகும். என்னைக் கேட்டால், எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய இடமே அதுதான். வரம்பைத் தாண்டியதா என்பதோடு, அந்தக் கிணற்றின் பழைய அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்றும் பார்க்க வேண்டும்.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைகளிலிருந்து ஆர்செனிக், போரான் போன்றவை கசியக்கூடும். கடல் அருகில் இருப்பதால் உவர்நீர் உட்புகும் அபாயமும் உண்டு. அதற்குச் சோடியம், குளோரைடு அளவுகளைத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

4. மே மாதம் மட்டும் போதுமா?

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வழங்கும் அனுமதியில் வழக்கமான நிபந்தனை ஒன்று உண்டு. நீர்மட்டத்தை மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறையும், தரத்தை மே மாதத்திலும் அளக்க வேண்டும் என்பதே அது. இதில் நவம்பருக்குப் பெயர் 'மழைக்குப் பின்'. கடலூரில் நவம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மாதம். தென்மேற்குப் பருவமழைப் பகுதிகளுக்காக வகுத்த அட்டவணை இது.

கோடை முழுக்க மண்மேட்டில் சேர்ந்த சல்பேட் உப்புகளைக் கரைத்து இறக்குவது அக்டோபரின் முதல் மழைகள். மேல் நீர்தாங்கியில் அதன் தடம் அடுத்த சில வாரங்களில் தென்படலாம். மே மாதத்தில் மட்டும் மாதிரி எடுப்பவருக்கு அது தப்பிப்போகும். எனவே மே, அக்டோபர் இறுதி, ஜனவரி என மூன்று முறையேனும் தரத்தை அளக்க வேண்டும். அழுத்தத்தில் அடைபட்ட ஆழ்நீர் மெல்ல மாறுவது. அதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

5. மாதிரி எடுக்கும் முறை

அடிபம்பில் பிடிக்கும்போது பளிங்குபோல் இருக்கும் நீர், குடத்தில் சற்று நேரம் நின்றபின் பழுப்பேறி, அடியில் துருப்போல் படிவதைப் பல ஊர்களில் காணலாம். நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் திரிந்து படிகிறது. மாதிரிப் புட்டியிலும் இதுவே நடக்கும். அப்படிப் படிந்த நீரின் மேல்பகுதியை மட்டும் ஆய்வகம் சோதித்தால் இரும்பு குறைவாகவே காட்டும்.

ஆகவே குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். கார அமில அளவு, மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து மூட வேண்டும். பாதரசம் சாதாரணப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளக்கூடியது. அதற்குத் தனிப் புட்டியும் தனிப் பதப்படுத்தலும் தேவை.

6. முடிவுகள் யாருக்கு?

பாதரசத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, இப்பகுதி நீரில் பாதரசம் இருப்பதாகச் சுட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. குடிநீரில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை அளக்கும்போது, மாதிரி எடுத்த முறையும் ஆய்வகத்தின் கண்டறியும் எல்லையும் வெளிப்படையாக இல்லாவிட்டால் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அட்டவணையைத் திருத்தப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஜனவரியில் எடுத்த மாதிரியின் முடிவை, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடக்கும் கிராம சபையில் கிணறு வாரியாகத் தமிழில் படிக்கச் செய்யுங்கள். மே மாத முடிவை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.